கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. கணினியோ இல்லை என்கிறது

மதுரைவாசகி:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைப் படித்து, ஒவ்வொரு சொல்லின் நீளத்தையும் எண்ணி, நீளவாரியாகப் பிரித்துத் தரும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை என் விண்டோஸ் மடிக்கணினியில் எழுதினேன். அதை ஒரு லினக்ஸ் சர்வருக்கு ஏற்றி, இயக்க அனுமதியும் கொடுத்து, அங்கே ஏற்கெனவே இரவு வேலைகளைக் கவனிக்கும் இன்னொரு பைத்தான் நிரலிலிருந்து சப்ப்ராசஸ் (பைத்தானிலிருந்து வேறு நிரல்களை இயக்க உதவும் தொகுதி) வழியாக அழைத்தேன். 'ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்' என்று தொடங்கி, 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று முடித்து, இல்லாத கோப்பு எது என்பதற்கு என் நிரலின் பெயரையே மேற்கோள் குறிக்குள் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

கோப்பு அங்கேதான் இருக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை காட்டுகிறது, திறந்து படிக்க முடிகிறது, அதே பெயரை பைத்தானிடம் கொடுத்து 'இருக்கிறதா' என்று கேட்டால் 'ட்ரூ' என்கிறது. அதைவிட வேடிக்கை, டெர்மினலில் பைத்தான்3 என்று எழுதி, பக்கத்தில் இந்தப் பெயரைக் கொடுத்தால் குறையில்லாமல் ஓடுகிறது. இரண்டு மாலைப்பொழுதுகள் இதிலேயே போய்விட்டன. எங்கே தவறுகிறேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

செம்புலம்:
பெரும்பாலும் இது பாதைச் சிக்கலாகத்தான் இருக்கும். அழைக்கும் நிரல் வேறொரு அடைவில் நின்றுகொண்டு உங்கள் கோப்பைத் தேடுகிறது. முழுப் பாதையையும் கொடுத்துப் பாருங்கள்.

மதுரைவாசகி:
முதல் நாளே கொடுத்துப் பார்த்துவிட்டேன், ஐயா. செய்தியில் இப்போது முழுப் பாதை தெரிகிறது என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

கணினித்தச்சன்:
பைத்தான்3 என்று முன்னால் சேர்த்தால் ஓடுகிறது, நேரடியாக அழைத்தால் ஓடவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதில்தான் விடை இருக்கிறது. நேரடியாக அழைக்கும்போது மட்டும் பயன்படுகிற ஒன்று உங்கள் கோப்பில் உண்டு: எண் குறியும் வியப்புக்குறியும் கொண்டு தொடங்கும் முதல் வரி, அதாவது ஷெபாங். இந்தக் கோப்பை எந்த நிரலைக் கொண்டு இயக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. விண்டோஸில் எழுதியதாகச் சொல்கிறீர்கள். சர்வரில் 'ஃபைல்' என்ற கட்டளைக்கு உங்கள் நிரலின் பெயரைக் கொடுத்து, என்ன பதில் வருகிறது என்று அப்படியே இங்கே எழுதுங்கள்.

மதுரைவாசகி:
பைத்தான் ஸ்கிரிப்ட் என்று சொல்லிவிட்டு, கடைசியில் 'சிஆர்எல்எஃப் வரி முடிவுகளுடன்' என்று சேர்க்கிறது.

கணினித்தச்சன்:
அதுதான். விண்டோஸில் ஒரு வரி முடிந்தால் இரண்டு எழுத்துகள் இடப்படும். முதலாவது கேரியேஜ் ரிட்டர்ன், அடுத்தது லைன் ஃபீட். லினக்ஸ் இரண்டாவதை மட்டுமே வரியின் முடிவாகக் கொள்கிறது. ஆகவே உங்கள் முதல் வரியைப் படித்த, இயங்குதளத்தின் மையமான கெர்னல், 'பைத்தான்3' என்ற நிரலைத் தேடவில்லை. பைத்தான்3 என்ற பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டிய வேறொரு பெயரைத் தேடியது. அப்படி ஒரு கோப்பு உண்மையிலேயே உங்கள் சர்வரில் இல்லை. முன்னால் பைத்தான்3 சேர்த்து ஓட்டும்போது அந்த முதல் வரி வெறும் குறிப்புரையாகிவிடுகிறது. பைத்தான் இரண்டு வகை வரி முடிவுகளையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் சிக்கலே எழுவதில்லை.

டாஸ்2யூனிக்ஸ் என்ற கருவியால் கோப்பை மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோப்புகளின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் பைத்தான் கோப்புகளுக்கு லைன் ஃபீட் மட்டுமே வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் மறுபடியும் இது வராது.

மதுரைவாசகி:
ஓடிவிட்டது. மிக்க நன்றி. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. காணாமல் போனது முதல் வரி கேட்ட மொழிபெயர்ப்பி (நிரலைப் படித்து இயக்கும் இன்டர்ப்ரெட்டர்). குற்றம் சாட்டப்பட்டது என் கோப்பு. ஒரு பெயரைச் சொல்வதானால் சரியான பெயரைச் சொல்லியிருக்கலாமே! 'எதையோ காணவில்லை' என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட நான் வேறு திசையில் யோசித்திருப்பேன்.

பழைய யூனிக்ஸ்காரர்:
உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் அதைக் கெர்னலின் மேல் வைப்பதா, பைத்தானின் மேல் வைப்பதா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு வரிச் செய்தியை எழுதியவர்கள் இரண்டு பேர்.

ஒரு நிரலை இயக்கச் சொல்லி எக்ஸிக்-வீஈ என்ற அழைப்பு கெர்னலுக்குப் போகிறது. கெர்னல் உங்கள் கோப்பைக் கண்டுபிடித்தது, திறந்தது, முதல் வரியைப் படித்தது, அதில் சொன்ன மொழிபெயர்ப்பியைத் தேடியது, அங்கேதான் இடறியது. இவ்வளவு நடந்தும் அதனால் திருப்பித் தர முடிந்தது ஒரே ஓர் எண்தான். இங்கே அந்த எண் 2, பெயர் ஈநோஎன்ட். அதற்கான வழக்கமான ஆங்கில வாசகம்தான் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. எந்தக் கோப்பு என்று சொல்ல அந்த எண்ணில் இடமே கிடையாது. எண்ணைப் பெற்றுக்கொண்ட பைத்தான், தன் கையில் இருந்த ஒரே பெயரை, அதாவது நீங்கள் கொடுத்த பெயரை, பக்கத்தில் ஒட்டிவிட்டது. எண்ணும் சரி, பெயரும் நீங்கள் கொடுத்ததுதான், இரண்டையும் சேர்த்துப் படித்தால் வரும் பொருள்தான் தவறு.

எக்ஸிக்-வீஈ கையேட்டுப் பக்கத்தில் இந்தப் பிழைக்கான விளக்கத்தைப் பாருங்கள்: கொடுத்த கோப்போ, ஸ்கிரிப்டின் மொழிபெயர்ப்பியோ, ஈஎல்எஃப் (லினக்ஸின் இருமக் கோப்பு வடிவம்) மொழிபெயர்ப்பியோ இல்லாவிட்டால் இந்த எண் வரும் என்றே எழுதியிருக்கிறது. ஒரு நிரல் கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை வைத்துப் பார்த்தாலும் பயன் இல்லை. மொழிபெயர்ப்பியைத் தேடுவது கெர்னலின் உள்ளேயே நடப்பதால், அங்கேயும் உங்கள் கோப்பின் பெயரும் ஈநோஎன்டும் மட்டுமே தெரியும்.

இதே எண் வேறு மூன்று வேடங்களில் வருவதை நான் பார்த்திருக்கிறேன். பைத்தானின் மெய்நிகர்ச் சூழல் அடைவை வேறிடத்துக்கு நகர்த்தினால், அதற்குள் இருக்கும் பிப் (தொகுப்புகளை நிறுவும் கருவி) முதலிய ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் பழைய முழுப் பாதை அப்படியே இருக்கும். பிப் கண்ணெதிரே இருக்கும், ஆனால் 'இல்லை' என்று வரும். ஆல்பைன் லினக்ஸ் கொள்கலனில், கிளிப்சி என்ற சி மொழி நூலகத்துக்காகத் தொகுத்த இருமக் கோப்பை ஓட்டினால், அதை ஏற்ற வேண்டிய ஏற்றி அங்கே இல்லாததால் அதே செய்தி. மூன்றாவது, இப்போது அரிதாகிவிட்டது: 2019 இல் வந்த லினக்ஸ் 5.1 க்கு முன்பு முதல் வரிக்கு 128 பைட் இடம்தான் இருந்தது. அதற்கு மேல் நீண்டால் கெர்னல் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு, வெட்டிய பாதையைத் தேடும். 5.1 இல் அது 256 ஆனது.

செம்புலம்:
முதலில் பாதைச் சிக்கல் என்று சொன்னவன் நான். அந்தச் செய்தியை நம்பித்தான் சொன்னேன் என்பதால் எனக்கும் இதில் ஒரு வழக்கு இருக்கிறது. கெர்னலால் ஓர் எண்ணைத்தான் தர முடியும் என்பதை ஏற்கிறேன். டென்னிஸ் ரிச்சி 1980 ஜனவரியில் இந்த முதல் வரி ஏற்பாட்டை அறிவித்த காலத்தில் அது போதுமானதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் டெர்மினலில் நாம் எழுதும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல்லைப் பாருங்கள். அதுவும் கெர்னலிடம் அதே எண்ணைத்தான் பெறுகிறது. பெற்ற பிறகு, தானே கோப்பைத் திறந்து முதல் வரியைப் படித்து, மொழிபெயர்ப்பியின் பெயரைச் சொல்லி 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்கிறது. கேரியேஜ் ரிட்டர்னைக்கூடத் தொப்பிக் குறியும் எம் எழுத்துமாகக் கண்ணுக்குக் காட்டுகிறது. புதிய பதிப்புகளில் 'இயக்க முடியவில்லை, தேவையான கோப்பு கிடைக்கவில்லை' என்ற பொருளிலும் சொல்லக் காண்கிறோம். ஒரு ஷெல்லால் செய்ய முடிந்ததை பைத்தானின் சப்ப்ராசஸ் ஏன் செய்யக்கூடாது? தோழி டெர்மினலில் நேரடியாக இயக்கியிருந்தால் முதல் நாளே விடை கிடைத்திருக்கும்.

கணினித்தச்சன்:
பேஷ் செய்வது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஊகிக்கவில்லை, போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். பார்க்காமல் ஊகிக்கத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அதே கோப்பின் முதல் வரியில் பைத்தானின் பாதைக்குப் பதிலாக, பெயரைக் கொடுத்தால் நிரலைத் தேடி இயக்கும் என்வ் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? என்வ் இருக்கிறது, ஆகவே கெர்னல் அதை இயக்கிவிடும், இடறுவது என்வ். புதிய பதிப்புகள் பைத்தான்3 என்ற பெயருக்குப் பின்னால் பின்சாய்வும் ஆர் எழுத்தும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் காட்டும், அதுவரை மிக நன்று. உடனே அடுத்த வரியில், 'ஷெபாங் வரியில் விருப்பத்தேர்வுகளைத் தர எஸ் என்ற தேர்வைப் பயன்படுத்துக' என்று ஓர் அறிவுரையும் வரும். பெயருக்குள் வெற்றிடம் போன்ற எழுத்து ஏதாவது இருந்தால், பயனர் கூடுதல் தேர்வு எதையோ சேர்க்க முயன்றிருக்கிறார் என்று அது முடிவுகட்டிவிடுகிறது. கேரியேஜ் ரிட்டர்னும் அந்த வகையில் சேர்ந்துவிடுகிறது. விடையை முதல் வரியில் சொல்லிவிட்டு இரண்டாம் வரியில் ஆளை வேறு தெருவுக்கு அனுப்பிவிடுகிறது.

பைத்தானிலேயே இன்னொன்று உண்டு. பழகுவதற்காக ஒரு நிரல் எழுதி அதற்கு ரேண்டம் என்று பெயர் வைத்து, அதற்குள் ரேண்டம் தொகுதியை இறக்குமதி செய்யாதவர் குறைவு. 3.8 பதிப்பிலிருந்து, 'பாதி தொடங்கப்பட்ட தொகுதியில் அந்தப் பண்பு இல்லை, பெரும்பாலும் வட்ட இறக்குமதி காரணமாக இருக்கலாம்' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். கண்டிப்பாகச் சொன்னால் அது பொய் அல்ல. கோப்பு தன்னைத்தானே இறக்குமதி செய்துகொள்கிறது, அதைவிடச் சிறிய வட்டம் கிடையாது. ஆனால் ஒரே ஒரு கோப்பு வைத்திருக்கும் மாணவன் வட்டத்தை எங்கே போய்த் தேடுவான்? 2024 இல் வந்த 3.13 தான் முதன்முறையாக, உங்கள் கோப்பின் பெயர் நிலையான நூலகத் தொகுதியின் பெயராக இருக்கிறது, பெயரை மாற்றிப் பாருங்கள் என்று கோப்பின் பாதையோடு சொல்கிறது. அதுவும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான்.

நெய்தல்:
பத்து ஆண்டுகள் பிஎச்பி மொழியில் நிரல் எழுதியவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. பிஎச்பி 5 இல் ஒரு மாறியின் பெயருக்கு முன்னால் டாலர் குறியை விட்டுவிட்டு, மாறியை நீக்கும் அன்செட்டுக்குள் எழுதினால், 'அடைப்பை எதிர்பார்க்கவில்லை, டி பாமாயிம் நெகுடோதாயிம் எதிர்பார்த்தேன்' என்று வரும். அது எபிரேயம், இரட்டை முக்காற்புள்ளி என்பது அதன் பொருள். பிஎச்பி 3 இன் பாகுபடுத்தியை (நிரலின் இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் பகுதியை) எழுதிய ஆன்டி கட்மன்சும் ஜீவ் சுராஸ்கியும் இஸ்ரேலியர்கள் என்பதால் அந்தப் பெயர் உள்ளே தங்கிவிட்டது. எல்லோரும் எபிரேயத்தைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். என் பார்வையில் கெடுதல் அங்கே இல்லை. 2020 இல் வந்த பிஎச்பி 8 இன் பிழைச் செய்திகளில் அந்தச் சொல் வருவதில்லை. அப்போதும் டாலர் விடுபட்டது என்று தெரிவதில்லை. பாகுபடுத்தி சொல்வது, அந்த இடத்தில் எது வந்திருந்தால் தன்னால் மேலே போயிருக்க முடியும் என்பதை மட்டுமே. எழுதியவர் என்ன எழுத நினைத்தார் என்பது அதற்குத் தெரியாது.

பைத்தானில் அடைப்புக்குறியை மூட மறந்தால் பழைய பதிப்புகள் அடுத்த வரியைக் காட்டி 'இன்வேலிட் சின்டாக்ஸ்' என்று சொன்னதும் அதே காரணத்தால்தான். குற்றமே இல்லாத அந்த அடுத்த வரியை எத்தனை பேர் அழித்து அழித்து எழுதியிருப்போம்! 3.9 இல் புதிய பெக் பாகுபடுத்தி வந்தது. 2021 இல் வந்த 3.10, திறந்த அடைப்பு எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியையே காட்டி, 'இது மூடப்படவே இல்லை' என்கிறது.

இன்னொரு கதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் நோட்பேட் ஒரு காலத்தில் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்த கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி என்ற மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடும். அப்படிச் சேமித்த பைத்தான் நிரலை லினக்ஸில் நேரடியாக ஓட்டினேன். தலையில் இருப்பது எண் குறி அல்ல என்பதால் கெர்னல் அதை ஸ்கிரிப்டாகவே ஏற்கவில்லை. ஷெல் தன் பழைய வழக்கப்படி அதை ஷெல் நிரலாக நினைத்து ஓட்டத் தொடங்கியது. முதல் வரிக்கு நமக்குப் பழக்கமான 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. இரண்டாவது வரி, ஆர்ஈ தொகுதியின் இறக்குமதி, அதாவது 'இம்போர்ட் ஆர்ஈ'. பிழை எதுவும் வரவில்லை. சுட்டி மட்டும் கூட்டல் குறியாக மாறி, நிரல் அசையாமல் நின்றது. எரிச்சலில் எங்கோ சொடுக்கினேன். ஆர்ஈ என்ற பெயரில் ஒரு கோப்பு முளைத்தது, அதற்குள் என் திரையின் படம்! இமேஜ்மேஜிக் என்ற படக் கருவித் தொகுப்பில் திரையைப் படம் பிடிக்கும் கட்டளைக்கும் இம்போர்ட் என்றுதான் பெயர்.

பழைய யூனிக்ஸ்காரர்:
நெய்தல் அம்மா சொன்னது எனக்கும் நடந்திருக்கிறது, நான் படத்தை அழிக்கவில்லை.

ஒன்று சேர்க்கிறேன். பெர்ல் மொழியில் கோப்பு வெற்றிகரமாகத் திறந்த பிறகும், கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் டாலர்-வியப்புக்குறி மாறியை அச்சிட்டுப் பார்ப்பவர்களுக்கு, 'சாதனத்துக்குப் பொருந்தாத ஐஓசிடிஎல்' என்ற பொருளில் ஒரு செய்தி கிடைக்கும். அது முன்பு 'நாட் எ டைப்ரைட்டர்', அதாவது 'இது தட்டச்சுப்பொறி அல்ல' என்றிருந்தது, எண் 25. திறந்த கோப்பு ஒரு முனையமா என்று நூலகம் உள்ளே சோதித்துப் பார்த்ததன் மிச்சம் அந்த எண். தோல்வி நடந்திருந்தால் மட்டுமே அந்த மாறிக்குப் பொருள் உண்டு. வெற்றிக்குப் பிறகு அதில் கிடப்பது யாரோ விட்டுச்சென்றது. இந்த உரையாடலைத் தொடங்கியவரின் கோப்பைக் கெடுத்த கேரியேஜ் ரிட்டர்னும் தட்டச்சுப்பொறி உருளையைப் பின்னுக்குத் தள்ளும் வேலையிலிருந்து வந்ததுதான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மதுரைவாசகி:
சர்வரில் ஓடுவதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் இவ்வளவையும் படித்த பிறகு, என் விண்டோஸ் கணினியில் நான் புறக்கணித்துவிட்ட ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது.

அங்கே பெரிய சொற்பட்டியலைக் கொடுத்தால், 'சார்மேப் கோடெக்கால் 11 ஆம் இடத்திலுள்ள 0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை, அந்த எழுத்து வரையறுக்கப்படாதது' என்ற பொருளில் ஒரு பிழை வரும். பட்டியலின் முதல் சொல் 'பால்'. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மீண்டும் இறக்கினேன். பிறகு அந்தச் சொல்லையே நீக்கினேன். அடுத்த சொல் 'பழம்'. மீண்டும் அதே 11, அதே 8டி. அதையும் நீக்கினால் 'பசு'. இப்போது 8 ஆம் இடம், 0எக்ஸ்81. ஆனால் நான் சோதனைக்காக வைத்திருந்த சிறிய கோப்பு ஒருமுறைகூடப் பிழை தந்ததில்லை. அதில் நிலா, மலை, பனி, தாமரை என்ற நான்கு சொற்கள் மட்டுமே. எனவே நிரல் சரி, பெரிய கோப்புதான் தவறு என்று முடிவுசெய்திருந்தேன்.

கணினித்தச்சன்:
அந்தச் சிறிய கோப்பில் 'மலை' எத்தனை எழுத்து என்று வந்தது?

மதுரைவாசகி:
9. நிலா 12. என் எண்ணும் முறைதான் தவறு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

கணினித்தச்சன்:
அப்படியானால் பெரிய கோப்பு நல்ல கோப்பு; உங்களை ஏமாற்றியது பிழை தராத சிறிய கோப்புதான்.

விண்டோஸில் குறியாக்கம் எதையும் சொல்லாமல் கோப்பைத் திறந்தால், பைத்தான் அந்தக் கணினியின் வழக்கமான குறிப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும். நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் அது சிபி1252, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. உங்கள் கோப்போ யூடிஎஃப்-8. அதில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். சிபி1252 அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்துகளாகப் படிக்கும். மலை என்பதில் ம, ல, ஐகாரக் குறி என மூன்று குறியீடுகள், ஆக 9.

இப்போது சுவையான இடத்துக்கு வருகிறேன். சிபி1252 இல் 256 இடங்களில் ஐந்துக்கு மட்டும் எழுத்து ஒதுக்கப்படவில்லை: 129, 141, 143, 144, 157. யூடிஎஃப்-8 இல் நம் புள்ளி 224, 175, 141 என்று எழுதப்படும். உகரக் குறி 224, 175, 129. ஏ 143 இல் முடியும், ஐ 144 இல் முடியும். பதினாறடிமானத்தில் 8டி என்பது 141, 81 என்பது 129. பால், பழம் இரண்டிலும் நான்காவது குறியீடு புள்ளி. சுழியத்திலிருந்து எண்ணினால் அதன் மூன்றாவது பைட் 11 ஆம் இடம். பசுவில் மூன்றாவது குறியீடு உகரக் குறி, ஆகவே 8. உங்கள் நிரல் ஒவ்வொரு முறையும் இடறியது மெய்யெழுத்தின் புள்ளியிலும் உகரத்திலும்தான். நீங்கள் சோதனைக்கு எடுத்த நான்கு சொற்களிலும் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. தேடினாலும் அப்படி நான்கு அமைவது கடினம்.

செய்தியில் குறை சொல்வதானால், 'சார்மேப்' என்ற பெயரைச் சொல்லலாம். அது குறியாக்கத்தின் பெயர் அல்ல, அட்டவணை வைத்துப் படிக்கும் முறையின் பெயர். சிபி1252 என்ற உண்மைப் பெயர், அதற்கு மேலே வரும் ட்ரேஸ்பேக்கில் (பிழை வந்த வழியைக் காட்டும் வரிகளில்) கோப்புப் பெயராக ஒளிந்திருக்கும்; நாம் கடைசி வரியை மட்டும் படிப்பதால் அது கண்ணில் படுவதில்லை.

ஓப்பனுக்குள் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். 3.7 முதல் யூடிஎஃப்-8 முறையில் பைத்தானை ஓட்டவும் வழி உண்டு, பைத்தானின் மேம்பாட்டு முன்மொழிவான பிஈபி 686 இன்படி 3.15 இலிருந்து அதுவே வழக்கமாகும்.

செம்புலம்:
கூடவே ஒன்று: விண்டோஸ் டெர்மினலில் தமிழ் சரியாக அச்சாகிறது என்று நம்பி, வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பினால் அங்கேயும் அதே சார்மேப், இம்முறை எழுதும் பக்கத்தில், வந்து நிற்கும். டெர்மினலுக்கு மட்டும்தான் 3.6 இல் வழி செய்தார்கள்.

மதுரைவாசகி:
எழுதினேன், பெரிய பட்டியல் முழுவதும் ஓடியது. பால் 4, பழம் 4, பசு 3, மலை 3 என்கிறது. எந்தப் பிழையும் இல்லை. ஆனால் மலை இரண்டு எழுத்துதானே?

நெய்தல்:
இரண்டுதான். பைத்தானின் லென் செயற்கூறு எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. ஐகாரக் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. ஓப்பன்-தமிழ் நூலகத்தில் கெட்_லெட்டர்ஸ் என்ற செயற்கூறு இருக்கிறது, அது சொல்லை நம் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அதன் விளைவை எண்ணிப் பாருங்கள்.

மதுரைவாசகி:
பால் 2, பழம் 3, பசு 2, மலை 2. இன்றிரவு முழுப் பட்டியலுக்கும் ஓடும்படி சர்வரில் வைத்துவிட்டேன். ஏற்றுவதற்கு முன் வரி முடிவுகளைப் பார்த்துக்கொண்டேன்.